சந்தேகத்தை எந்த மொழியில் கேட்பது? தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் நான்கு பள்ளிமுறைகள்

எங்கள் தெருவில் நான்காம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி மாலையில் புத்தகப்பையோடு என் வீட்டுக்கு வருவாள். ஆங்கிலவழி. ஒருநாள் 'இவாப்பரேஷன்' (ஆவியாதல்) பற்றிய இரண்டு வரி விடையை ஒரே மூச்சில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நடுவில் வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போனாள். திரும்பி வந்தவளுக்கு விட்ட இடம் பிடிபடவில்லை. முதல் சொல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். வெளியே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. "இதுல இருந்த தண்ணியெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டேன். "வெயில் குடிச்சிருச்சு அத்தை" என்றாள். அருமையான பதில். ஆனால் அதற்கும் அவள் ஒப்பித்த இரண்டு வரிக்கும் உறவு உண்டு என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. மிஸ்ஸிடம் கேட்டிருக்கலாமே என்றேன். "கிளாஸ்ல இங்கிலீஷ்லதான் கேக்கணும்" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு பள்ளிமுறையை எடைபோட எனக்கு இந்த ஒரே கேள்வி போதும்: பிள்ளை தன் சந்தேகத்தை எந்த மொழியில் கேட்கிறது? தமிழ்ப் பிள்ளைகள் பெருமளவில் படிக்கும் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, தமிழ்நாடு நான்கிலும் இதற்கு நான்கு விதமான பதில்கள் இருக்கின்றன. நான்கும் ஒருகாலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தவை. ஆங்கிலத்தை என்ன செய்வது என்பதில்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போனது.

சிங்கப்பூரின் பதில் நேரடியானது: ஆங்கிலம். அங்கே தமிழ்வழியில் இயங்கிய கடைசிப் பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி என்றானது. கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில்; தமிழ், சீனம், மலாய் ஆகியவை தாய்மொழிப் பாடங்கள். தொடக்கநிலை ஆறில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வில் ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் என நான்கு பாடங்கள். நான்குக்கும் ஒரே மதிப்பு. அதனால் தமிழைச் சும்மா ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

ஆங்கிலவழி என்றதும் நம் ஊர்க்காரர்கள் உதாரணம் காட்டுவது இந்த நாட்டைத்தான். ஆனால் அங்கே அது பலித்ததற்குக் காரணம் வகுப்பறை மட்டும் இல்லை. என் சித்தி மகளின் பையன் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் சீனப் பையனோடும் மலாய்ப் பெண்ணோடும் விளையாட ஆங்கிலம் வேண்டும். பேருந்திலும் கடையிலும் காதில் விழுவது ஏதோ ஒருவகை ஆங்கிலம், பெரும்பாலும் சிங்கிலிஷ். பள்ளி அந்த ஆங்கிலத்தைச் சீர்செய்தால் போதும், புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. அடுத்து ஆசிரியர்கள். எல்லோருக்கும் தேசியக் கல்விக் கழகம் என்ற ஒரே இடத்தில்தான் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே சம்பளமும் உண்டு. இந்த இரண்டையும் விட்டுவிட்டு மீதியை மட்டும் காப்பியடித்தால் என்ன கிடைக்கும் என்பதை என் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சின்னதல்ல. வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 2010 கணக்கெடுப்பில் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. அதே 2020இல் தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடுதான். அந்தப் பையன் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குகிறான், கட்டுரையும் எழுதுகிறான். ஆனால் பாட்டியிடம், அதாவது என் சித்தியிடம், தன் பள்ளியில் நடந்த சண்டையைச் சொல்ல வந்தால் மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறான். சித்தி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். பாதிதான் புரிந்திருக்கும்.

மலேசியாவில் பிள்ளை ஆறாம் ஆண்டு வரை தமிழில் சந்தேகம் கேட்கலாம். அரசின் பாடத்திட்டத்திலேயே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெளியே இப்படி ஓர் அமைப்பு வேறெங்கும் இல்லை. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து இந்த வரலாறு ஆரம்பிக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில், காலெடுத்து வைத்ததும் எல்லாம் மலாய். மலாயில் பின்தங்கிய பிள்ளைகள் இடையில் ஓராண்டு 'ரிமூவ்' வகுப்பில் உட்கார வேண்டும். சக வயதுப் பிள்ளைகள் மேலே போக, தான் மட்டும் ஓராண்டு நிற்பது பதின்மூன்று வயதில் லேசான காரியமா? ஆங்கிலம் மூன்றாவது மொழியாகப் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

அந்த ஆங்கிலத்தின் கதைதான் வேதனை. 1970இலிருந்து ஆங்கிலப் பள்ளிகளை ஒவ்வோர் ஆண்டாக மலாய்க்கு மாற்றினார்கள். 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள், தமிழ்ப்பள்ளிகள் உட்பட. 2009இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2016இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் சில பள்ளிகளில் மறுபடி திறந்துவிட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஆங்கிலத்தில் படித்த பின்னத்தைத் தம்பி வேறு மொழியில் படித்தான். ஆசிரியர்களும் ஒவ்வொரு முறையும் கலைச்சொற்களைப் புதிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தக் கொள்கை சரி என்ற விவாதத்தை விடுங்கள். ஏதாவது ஒன்றை ஒரு தலைமுறைக்காவது நிலைக்க விட்டிருக்கலாம்.

இலங்கையில் பிள்ளை உயர்தரம் வரை, அதாவது பதின்மூன்று ஆண்டுகள், தமிழிலேயே கேட்டுப் படிக்க முடியும். பௌதிகமும் உயிரியலும் தமிழ் மூலம் கற்று மருத்துவபீடத்துக்குத் தேர்வாகிறார்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியும், அதையொட்டி வந்த தாய்மொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைக்குத் திறந்துவிட்ட கதவு அது. அதற்கு முன்பு ஆங்கிலப் பள்ளி என்றால் கட்டணம், கட்டணம் கட்டியவருக்கே பெரிய உத்தியோகம்.

ஆனால் ஆங்கிலம் பாடமாகச் சுருங்கியபோது அதைக் கற்பிக்க ஆள் இல்லாத பாடசாலைகள் பெருகின. ஆங்கிலத்தின் அதிகாரம் மட்டும் குறையவில்லை. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கடுவ'. வாள் என்று அர்த்தம். தெரியாதவனை வெட்டிவிடும் மொழி. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், ஆங்கிலத்தில் நடக்கும் மருத்துவபீடத்தில் தன் முதல் வாரத்தைப் பற்றிச் சொன்னார்: "இதயத்தின்ர பகுதியளெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா லெக்சரர் கேட்டது அதைத்தான் எண்டு விளங்கேல்ல." பதின்மூன்று ஆண்டு கை தூக்கிப் பழகியவர், அந்த ஆண்டு முழுக்கக் கையே தூக்கவில்லையாம்.

2000களின் தொடக்கத்தில் அங்கே ஒரு திருத்தம் வந்தது. தரம் ஆறிலிருந்து, விரும்பும் மாணவர்கள் கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம். மொழி, சமயம், வரலாறு போன்றவை தாய்மொழியில் தொடரும். படித்துப் பார்த்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எழுத்தும் எண்ணும் உலக அறிவும் தாய்மொழியில் ஊன்றிய பிறகு, பாடம் பாடமாக ஆங்கிலத்துக்குள் இறங்குகிறது பிள்ளை. குறை என்னவென்றால், ஆங்கிலத்தில் கற்பிக்கக்கூடிய விஞ்ஞான ஆசிரியர் இருக்கும் பாடசாலையில்தான் இது நடக்கும். அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது பெரும்பாலும் நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கே.

இனி நம் ஊர். சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. 2011இல் உச்சநீதிமன்றத் தீர்ப்போடு பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புக்கும் நடைமுறையானது. அரசுப் பள்ளிக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். அப்படியானால் கட்டணம் கொடுத்து வாங்குவது எதை? பெரும்பாலும் 'ஆங்கிலவழி' என்ற சொல்லை. 2012-13இல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்தார்கள். பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். எந்த மொழியில் படிக்க வைப்பது என்பது பெற்றோரின் உரிமை என்று 2014இல் கர்நாடக வழக்கில் உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மேலே கல்லூரியும் வேலையும் ஆங்கிலத்தில் இருக்கும்போது அவர்கள் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

வருத்தம் வகுப்பறையில் நடப்பதைப் பற்றியது. டீச்சர் தமிழில் விளக்குகிறார், கரும்பலகையில் ஆங்கிலத்தில் விடை எழுதிப்போடுகிறார், பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் இறக்கி மனப்பாடம் செய்கிறார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைக்குக் கீழ்த்தளத்தில் கிடைக்கும் ஆங்கிலம் எங்கள் தெருப் பிள்ளைக்கு எங்கும் கிடையாது. இலங்கைப் பிள்ளைக்குத் தமிழில் கிடைக்கும் தெளிவும் கிடையாது. நான்கில் இதுதான் மோசமான கலவை என்று தயங்காமல் சொல்வேன். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010இல் வந்த வேறொரு சட்டப்படி அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருந்தும், நான் பார்க்கும் பெற்றோரின் மனதை அது மாற்றவில்லை. அவர்கள் கேட்பது, பிள்ளை நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பது. அதற்குத் தேவை, முதல் வகுப்பிலிருந்தே தினமும் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசிச் சிரித்து விளையாடத் தெரிந்த ஓர் ஆசிரியர். அறிவியல் விடையை ஒப்பிப்பது அந்த வேலையைச் செய்யாது.

என்னைக் கேட்டால், இலங்கையின் தரம் ஆறு ஏற்பாட்டையும் சிங்கப்பூரின் ஆசிரியர் பயிற்சியையும் எடுத்துக்கொள்வேன். இரண்டில் ஒன்றுதான் என்றால் ஆசிரியர் பயிற்சி. பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: பள்ளியின் கட்டடத்தையும் பெயர்ப்பலகையையும் விடுங்கள். அங்கே படிக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, கடைசியாக வகுப்பில் எப்போது சந்தேகம் கேட்டாய், என்ன கேட்டாய் என்று விசாரியுங்கள். எந்த மொழியில் கேட்டிருந்தாலும் சேர்த்துவிடலாம்.

எங்கள் தெருச் சிறுமியும் நானும் இப்போது பாடத்தை முதலில் தமிழில் பேசி முடிக்கிறோம், பிறகுதான் புத்தகத்தைத் திறப்பது. போன வாரம் அவளே கேட்டாள்: "அத்தை, ராத்திரி வெயில் இல்லையே, அப்பவும் துணி காயுதே?"