மூணுக்கு ரெண்டு கதர்க் கொடி: நிறத்துக்கு முன் ஓரத்தைப் பாருங்கள்

பள்ளிக்கூடம், குடியிருப்போர் சங்கம் போன்ற இடங்களுக்குத் தோதான தேசியக் கொடி 900-க்கு 600 மி.மீ. அளவுதான். கடையில் ‘மூணுக்கு ரெண்டு’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கர்நாடகத்தின் ஹூப்ளி பெங்கேரியில் உள்ள காதி சங்கத்தில் தைத்து, தேசியக் கொடிக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1 முத்திரையோடு வரும் கதர்க் கொடியைப் பற்றி இங்கே பார்க்கலாம்.

வாங்குகிறவர்கள் துணியின் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கம்பத்தை ஒட்டி வரும் ஓரத்தை. இந்தக் கொடியில் அந்த ஓரம் தடித்த, சாயம் போடாத கதர்ப் பட்டி. உள்ளே கயிறு ஓடுகிறது. காவிப் பக்க முனையில் அந்தக் கயிற்றோடு ஒரு சின்ன மரக்கட்டை கட்டியிருக்கும். கம்பத்துக் கயிற்றின் வளையத்தில் அந்தக் கட்டையை மாட்டினால் போதும், காவி மேலேதான் போகும். கடைவீதிக் கொடிகள் பலவற்றில் வெறும் தையல் குழாய் மட்டும் இருக்கும். இரண்டு முனையும் ஒரே மாதிரி. பூ வைத்துச் சுருட்டிய பிறகு எது காவி, எது பச்சை என்று தெரியாது. உச்சியில் முடிச்சு அவிழும்போதுதான் கொடி தலைகீழ் என்று தெரியும். கூட்டமே நிமிர்ந்து நிற்கிற நேரத்தில் அந்த அவமானம் எந்த ஊருக்கும் வரக்கூடாது. கதர்க் கொடிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்த மரக்கட்டைக்கே தகும்.

அடுத்து டேப்பை எடுங்கள். ஒவ்வொரு பட்டையும் 200 மி.மீ. அசோகச் சக்கரத்தின் விட்டம் 185. அதாவது சக்கரத்துக்கு மேலும் கீழும் வெள்ளை ஏழரை மி.மீ.தான், சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. வெள்ளையின் நடுவே சக்கரம் சின்னதாக மிதந்தால் அந்தக் கொடி தப்பு. 24 ஆரங்களையும் எண்ணுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். விலகியிருந்தால் ஆரங்கள் இரட்டையாகத் தெரியும்.

கதர்தான் கட்டாயம் என்பது பழைய கதை. 2021 டிசம்பர் 30-இல் கொடி விதிகளைத் திருத்தி, பாலியஸ்டரும் இயந்திரத் தயாரிப்பும் அனுமதிக்கப்பட்டன. அளவும் அச்சும் சரியாக இருந்தால் பாலியஸ்டர் கொடியில் குற்றம் இல்லை. சொல்லப்போனால் காற்று குறைந்த இடத்தில் கதர் கம்பத்தோடு ஒட்டித் தொங்கும். மழையில் நனைந்தால் கனக்கும். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும். 2022 ஜூலை திருத்தத்துக்குப் பின் வீட்டு மாடியில் இரவு பகலாகப் பறக்கவிடலாம் அல்லவா, அதற்குப் பாலியஸ்டரே மேல்.

கட்டும்போது ஒரு கைப்பிடி பூவிதழ் போதும். நிறைய வைத்தால் கனம் தாங்காமல் முடிச்சு இறுகும். பனி இறங்கினால் நூல் கயிறு உப்பி இன்னும் இறுகும். இழுத்தால் அவிழும் சுருக்கு ஒன்று, அதற்குமேல் சுற்று வேண்டாம். முந்தின நாளே வேறொரு துணியைக் கட்டி ஏற்றி அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள், கப்பி சிக்கினாலும் அப்போதே தெரிந்துவிடும்.

காற்றில் அடிபடும் வெளி ஓரம்தான் முதலில் பிரியும். பிரிந்த அளவுக்கு வெட்டி மடித்துத் தைக்கிறார்கள், செய்யாதீர்கள். 50 மி.மீ. வெட்டினாலே 3-க்கு 2 என்ற விகிதம் போச்சு, சக்கரமும் நடுவில் இருக்காது. கிழிந்த கொடியைத் தனியிடத்தில் முழுதாக, மரியாதையோடு எரித்துவிடுவதே விதி சொல்லும் வழி.

எடுத்துவைக்கும்போது நிழலில் நன்றாக உலர்த்தி, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரிகிற மாதிரி பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். கடையிலேயே மரக்கட்டையை ஒருமுறை அழுத்தி இழுத்துப் பாருங்கள். கயிற்றில் வழுக்கினால் வேறு கொடி கேளுங்கள்.