விண்ணப்பத்தில் பெயர் என்னுடையது, கைப்பேசி எண் அவருடையது

அரசு உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லிக் காசு பறிக்கும் இடைத்தரகர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போன பணத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கும் பணம் போனது. ஆனால் நான் இழந்தவற்றில் அதுதான் சிறியது என்பது தெரியவர நான்கு மாதங்கள் ஆயின.

என் கணவர் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்தபோது, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே வருமானமும் நின்றுபோனது. நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதாந்திர உதவி உண்டு என்று கேள்விப்பட்டு, முதலில் உரிய அலுவலகத்துக்குத்தான் போனேன். முகப்பில் இருந்தவர் தலை நிமிராமலே, "எல்லாம் ஆன்லைன்லதான் போடணும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் இணைய முகவரியை எழுதிக் கொடுத்தார். பார்த்து எழுதித் தர ஆள் உண்டா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. (பொதுமக்கள் விண்ணப்பிப்பதற்கென்றே அந்தக் கூடத்தின் மூலையில் ஒரு கணினி இருந்ததையும், அதன் விசைப்பலகைமேல் பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருந்ததையும் வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன்.) தரகரைக் குறை சொல்வதற்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த முகப்பில் ஐந்து நிமிடம் பொறுமையாகப் பேசியிருந்தால் நான் அவரிடம் போயிருக்கவே மாட்டேன்.

அந்தத் தரகருடையது ஒற்றை அறை. சுவர் நிறைய உதவித் திட்டங்களின் விளம்பரத் தாள்கள், மேசைமேல் அச்சுப்பொறி, வண்ணச் சீட்டு ஒட்டிய கோப்புகள் என்று பார்வைக்கு அரசு அலுவலகத்தைவிட அரசு அலுவலகமாகவே இருந்தது. "கவலைப்படாதீங்கக்கா, நூறு சதவீதம் கிடைச்சிடும்" என்றார். கணவருக்கு எப்போது அடிபட்டது, வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிடைத்துவிடும் என்று ஒருவரால் எப்படிச் சொல்ல முடியும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகை, கோப்பை நகர்த்துவதற்கு என்று ஒரு தொகை, ஒப்புதல் வந்துவிட்டது, அதை விடுவிக்க வேண்டும் என்று இன்னொரு தொகை என மூன்று முறை வாங்கினார். மொத்தத்தில் வீட்டு வாடகையில் பாதி. ரசீது கேட்டதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் என் பெயருக்கு எதிரே தொகை எழுதியிருந்தது, பென்சிலால்.

கணினித் திரையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு அவரே படிவத்தை நிரப்பினார். நான் கொடுத்த சான்றுகளில் கணவரின் பழைய சம்பளச் சீட்டும் இருந்தது. கையொப்பம் கேட்ட பக்கத்தில் போட்டேன். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு எண்ணும் எழுதித் தந்தார். அது அரசு கொடுத்த விண்ணப்ப எண் அல்ல, அவருடைய நோட்டின் வரிசை எண்.

நான்கு மாதமாக, எப்போது கேட்டாலும் "பரிசீலனையில இருக்குக்கா" என்ற ஒரே பதில். கடைசியில் கணவரின் சிகிச்சைக்காகப் போன மருத்துவமனையில் இருந்த சமூகப் பணியாளர், இவ்வளவு காலம் ஆக வழியில்லை என்று சொல்லி, என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். அங்கிருந்த அதிகாரி திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பெயர் சரி, பிறந்த தேதி சரி. கைப்பேசி எண் என்னுடையது அல்ல, மின்னஞ்சலும் அல்ல. குடும்ப உறுப்பினர் நான்கு பேர்தான், மாமியாரைக் காணோம். கணவரின் வருமானம் என்ற கட்டத்தில், நின்றுபோன பழைய சம்பளம் இன்றைய வருமானமாகப் பதிவாகியிருந்தது. "வருமான வரம்பைத் தாண்டியதால் நிராகரிக்கப்பட்டது" என்ற முடிவு மூன்றாவது வாரத்திலேயே அந்தக் கைப்பேசி எண்ணுக்குப் போயிருக்கிறது. மேல்முறையீட்டுக்கான கெடு நாங்கள் போன நாளுக்குப் 11 நாள் முன்பு முடிந்துவிட்டது. ஒப்புதலை விடுவிக்க என்று அவர் மூன்றாவது முறை பணம் வாங்கியபோது, நிராகரிப்புத் தகவல் அவருடைய கைப்பேசியிலேயே இருந்திருக்கிறது. படிவத்தின் தலைப்பிலேயே "விண்ணப்பக் கட்டணம் இல்லை" என்று அச்சிட்டிருந்ததையும் அன்றுதான் படித்தேன்.

இங்கே ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய உதவிகளில் பெரும்பாலானவை வருமானத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை, அதை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதோடு சேர்த்தே பார்க்கின்றன. ஆகவே ஒருவர் பெயர் விடுபட்டாலும், போன வருமானம் இருக்கும் வருமானமாக எழுதப்பட்டாலும், தகுதியுள்ள குடும்பம் தகுதியற்றதாகிவிடும். தவறான முடிவைத் திருத்த வழி உண்டு, ஆனால் அதற்குக் கெடுவும் உண்டு. அமெரிக்காவின் ஸ்நாப் என்னும் உணவு உதவித் திட்டத்தில் முடிவை எதிர்த்து விசாரணை கேட்க 90 நாள் இருக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலான உதவித்தொகைகளின் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்க ஒரு மாதம்தான். முடிவைத் தெரிவிக்கும் தகவல் யாருடைய எண்ணுக்குப் போகிறதோ அவர் கையில்தான் அந்தக் கெடுவும் இருக்கிறது. வேறொருவர் எண் பதிவான விண்ணப்பம் பெயரளவில்தான் நம்முடையது. வங்கிக் கணக்கு விவரமும் அடையாள அட்டை நகலும் அவரிடமே இருக்கும்போது, ஓடிபியும் அவருக்கே போவது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இலவசமாக வழிகாட்ட ஆள் இல்லாமல் நான் ஏமாறவில்லை, இருப்பது தெரியாமல் ஏமாந்தேன். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் 211 என்ற எண்ணை அழைத்தால், உள்ளூரில் வாடகைக்கும் உணவுக்கும் மின்கட்டணத்துக்கும் யார் உதவுவார்கள் என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் இந்த எண் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். பிரிட்டனில் 1939 முதல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பு இந்த வேலையைக் காசு வாங்காமல் செய்துவருகிறது. இந்தியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன, அவற்றின் உதவி எண் 15100. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், விண்ணப்பம் என்ன ஆயிற்று என்பதற்கு 30 நாளுக்குள் பதில் தர வேண்டிய கடமையும் அங்கே அலுவலகத்துக்கு இருக்கிறது. இவை எதுவும் கைக்கெட்டாவிட்டால், என் அனுபவத்தில், மருத்துவமனையின் சமூகப் பணியாளரையோ பிள்ளைகளின் பள்ளி ஆசிரியரையோ கேட்பது தரகரிடம் போவதைவிட எவ்வளவோ மேல்.

எங்களைப் பொறுத்தவரை, கெடு தாண்டியதற்கான காரணத்தைத் தனிக் கடிதமாக எழுதி, மருத்துவச் சான்றையும் பணிநீக்கக் கடிதத்தையும் இணைத்து மேல்முறையீடு செய்தோம். காலதாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஏற்கும் இடம் பல அமைப்புகளில் உண்டு என்பதால்தான் துணிந்தோம். எங்களுடையது ஏற்கப்படவில்லை, விண்ணப்பத்தில் என் கையொப்பம் இருக்கிறது என்றார்கள். அதனால் என் எண்ணையே கொடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் நானே நிரப்பி, அனுப்புவதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக விண்ணப்பித்தேன். ஆறாவது வாரத்தில் உதவி வந்தது. புதிய விண்ணப்பத் தேதியிலிருந்துதான் கணக்கு, பழைய நான்கு மாதங்களுக்கு எதுவும் இல்லை.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணம் கொடுத்ததற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது அந்த நோட்டுப் பக்கத்தை நான் கைப்பேசியில் எடுத்த ஒரு படம். பென்சில் எழுத்து என்பதால், பெரிதாக்கிப் பார்த்தால்தான் தொகை தெரிகிறது. சரிபார்க்க வேண்டும் என்று அவர் வாங்கி வைத்துக்கொண்ட இளையவளின் அசல் பிறப்புச் சான்றிதழ் இன்னும் திரும்பி வரவில்லை. போன வாரமும் நேரில் போய்க் கேட்டேன். "பீரோவுலதான் இருக்குக்கா, திங்கட்கிழமை வாங்க" என்றார்.