ஒட்டுக்கடை இரைச்சலில் பேச்சு புரிய எது உதவும்? இரைச்சல் குறைப்பு, திசை மைக், தனி மைக்

காது கேட்கும் கருவியை, விற்கும் அறையில் மாட்டிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத்தான் கேட்கும். அதே கருவியோடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் தகரக் கூரை, காற்றாடி, டிவி, மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்ந்து எதிரில் இருப்பவர் பேச்சை விழுங்கிவிடும்.

இரைச்சல் குறைப்பு தன் திறமையைக் காற்றாடியிடம்தான் காட்டும். பேச்சு நொடிக்கு நாலைந்து முறை ஏறி இறங்கும். காற்றாடி ஒரே மட்டத்தில் ஓடும். ஏற்ற இறக்கம் இல்லாத அலைவரிசையைக் கருவிக்குள் இருக்கும் சிப் தணிக்கிறது. அங்கே இருக்கும் பேச்சும் கூடவே தணிவதால் புரிதல் பெரிதாகக் கூடுவதில்லை, களைப்புதான் குறையும். பக்கத்து மேசை அரட்டையோ சிப்புக்கு அசல் பேச்சு, அதைத் தொடாது. 2024-இல் வந்த ஃபோனாக் ஆடேயோ ஸ்பியர் இன்ஃபினியோ மாதிரியான செயற்கை நுண்ணறிவுச் சிப்கள் இதில் ஒரு படி மேல். விலையும் மேல், பேட்டரியும் சீக்கிரம் கரையும்.

திசை மைக் புரிதலுக்கே உதவும். கருவியின் மேல் முன்னும் பின்னும் இரண்டு துளைகள் இருக்கும். பின்னாலிருந்து வரும் ஒலி பின் துளையை ஒரு கணம் முந்தித் தொடும். அந்த வித்தியாசத்தை வைத்து அந்த ஒலியைக் கருவி கழித்துவிடுகிறது. தோதான இடத்தில் 3, 4 டெசிபெல் லாபம். அடுப்படிக்கும் காற்றாடிக்கும் முதுகைக் காட்டி, பேசுபவரை நேர் எதிரே ஒன்றரை மீட்டருக்குள் உட்கார வைக்க வேண்டும். தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் இரைச்சல் முன்பக்கமாகவும் வருவதால் லாபம் சுருங்கும். தலைக்கு வைக்கும் எண்ணெயும் முகப் பவுடரும் ஒரு துளையை அடைத்தால் கழித்தலே நடக்காது. வாரம் ஒருமுறை மென்மையான தூரிகையால் துடைத்து, இரவில் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். துளையில் ஊசி விட்டுக் குத்தக் கூடாது.

இவை இரண்டையும் கெடுப்பது காதுக்குள் போகும் ரப்பர் முனை. செம்பனை எண்ணெய் ஆலை இரைச்சலில் வருடக்கணக்காக நின்றவர்களுக்குப் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டார உயர்ந்த ஒலிகளில்தான் கேட்கும் திறன் போயிருக்கும். தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே கேட்கும். அதனால் துளை போட்ட திறந்த முனை தருவார்கள், சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போல ஒலிக்காது என்பதற்காக. ஆனால் அந்தத் துளை வழியே இரைச்சல் சிப்பைத் தொடாமல் நேரே செவிப்பறைக்குப் போகிறது. எந்த விலைச் சிப்பும் அதைத் தடுக்க முடியாது. மூடிய முனையையோ, 1 மி.மீ. காற்றுத் துளையோடு காதின் அச்செடுத்துச் செய்த மோல்டையோ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சொந்தக் குரல் கொஞ்ச நாள் உறுத்தும்.

கருவிக்குக் கம்பியில்லாமல் ஒலியை அனுப்பும் தனி மைக்கைப் பேசுபவர் சட்டையில் வாயிலிருந்து 15 செ.மீ. தள்ளி மாட்டுவார்கள். தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். 120 செ.மீ.-இலிருந்து 15 செ.மீ.-க்கு வந்தால் மூன்று முறை பாதி, கணக்குப்படி 18 டெசிபெல். மற்ற இரண்டும் இதன் பக்கத்திலேயே வராது. கோயில் கூட்டமோ வகுப்பறையோ, ஒரே ஆள் பேசும் இடத்தில் இதுதான் என் தேர்வு. குடும்பமே சுற்றி உட்கார்ந்து பேசினால் பயன் குறைவு. மேசை நடுவே வைத்தால் தூரம் திரும்பி வந்துவிடும். தாலிக்கொடியும் துப்பட்டாவும் உரசினால் கரகரவென்று காதைக் குடையும். இந்த மைக் பெரும்பாலும் அந்தந்த நிறுவனக் கருவியோடு மட்டுமே இணையும். கையில் இருக்கும் மாடலின் பெயரைக் காட்டி, இணைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.