3,85,000 ரூபாய் போச்சு: பழைய டிராக்டர் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. சுற்றியுள்ள வயலில் எல்லாம் குறுவைக்குச் சேற்றுழவு நடக்கிறது. நான் 3,85,000 ரூபாய் கொடுத்து வாங்கிய டிராக்டர் பின்பக்கம் மொத்தமும் பிரித்துப் போட்ட நிலையில் பட்டறையில் கிடக்கிறது. சொந்த வண்டி வைத்துக்கொண்டு வாடகை வண்டிக்காரரிடம் "அண்ணே, எனக்கு ஒரு ரெண்டு மணி நேரம்" என்று கெஞ்சிக்கொண்டு இருக்கிறேன். வயிறு எரிகிறது.

புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். வேறு மாவட்டம், பைபாஸ் ஓரம், தகர ஷெட் போட்டு டிராக்டர், டிரெய்லர், மண்ணைக் கிளறி உழுகிற ரோட்டவேட்டர் என்று வரிசையாக நிறுத்தி விற்கிற யார்டு. விளம்பரம் பார்த்தது பழைய வண்டி வாங்க, விற்க என்றே இருக்கிற ஒரு செயலியில். பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சை டிக். 2014 மாடல், 45 எச்.பி., ஒரே ஓனர், 2,800 மணி நேரம்தான் ஓடியது, சேற்றில் இறங்காத வண்டி. இப்படித்தான் போட்டிருந்தார்கள்.

அப்பா, சித்தப்பா, நான், மூன்று பேரும் போனோம். சித்தப்பா இருபது வருஷத்துக்கு மேல் டிராக்டர் ஓட்டியவர். நாங்கள் போனபோதே வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் போட்டு வெச்சேன்" என்றார் யார்டுக்காரர். பெயின்ட் பளபளவென்று இருந்தது. சித்தப்பா ஓட்டிப் பார்த்தார், கியர் விழுந்தது, பிரேக் பிடித்தது, புகையும் இல்லை. ரோட்டவேட்டர் மாட்டி ஒரு சால் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, எல்லாம் வாடகைக்குப் போயிருக்கிறது, நாளைக்குத்தான் வரும், ஆனால் நாளைக்கு இந்த வண்டிக்கு இன்னொரு பார்ட்டி வருகிறது என்றார்.

அப்பா யோசித்தார். அதைப் பார்த்த அந்த ஆள் நாற்காலியை அப்பாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். என் அப்பாவுக்குக் கொடுக்கிற மாதிரி நினைச்சுத்தான் உங்களுக்குக் கொடுக்கிறேன். ஏதாவது குறைன்னா என் சட்டையைப் பிடிச்சுக் கேளுங்க." அப்புறம் பையனைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்லி, அவரே குனிந்து நான்கு டயருக்கும் அடியில் வைத்தார். கற்பூரம் ஏற்றி, அப்பா கையால் காட்டச் சொன்னார். பின் டயர் பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தபோது அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பணத்தை ஏமாற்றுகிறவன் பணத்தோடு நிற்க வேண்டியதுதானே? கிழவனைக் கற்பூரம் காட்ட வைத்து ஏமாற்ற வேண்டுமா?

அந்த 3,85,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? சம்பா நெல் போட்ட காசு ஒரு பாதி, சொசைட்டியில் என் மனைவி நகையை வைத்து எடுத்தது மறு பாதி. இரண்டு லட்சம் பேங்க் வழியாக அனுப்பினோம். மீதி 1,85,000 ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். அதற்கு ரசீது இல்லை, "நமக்குள்ள எதுக்கு" என்றார். கொடுத்த ஒரே சீட்டின் அடியில் பொடி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியுடன் வாங்கினேன்' என்று அச்சடித்திருக்கிறது.

முதல் நாள் சேற்றில் இறக்கினோம். கொஞ்ச நேரத்திலேயே ப்ரீதர் குழாயில் (இன்ஜின் உள்ளே சேருகிற காற்று வெளியேறும் குழாய்) குபுகுபுவென்று புகை. ரோட்டவேட்டரைத் தூக்கினால் லிஃப்ட் நிற்காமல் தானாக இறங்குகிறது. பின்னால் உறுமல் சத்தம். எங்கள் ஊர் மெக்கானிக் பின்பக்கம் ஆயில் வடிக்கிற டிரெய்ன் பிளக்கைக் கழற்றினார். கியர் ஆயில் பால் டீ நிறத்தில் கொட்டியது, உள்ளே அவ்வளவு தண்ணீர். துணியால் ஹவுசிங்கை, அதாவது கியரை மூடியிருக்கிற இரும்புக் கூட்டை, துடைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அதில் ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசையை அப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சேற்றில் இறங்காத வண்டியாம்! இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை அடக்கியிருக்கிறார்கள், சூடாக வைத்திருந்ததும் அதற்குத்தான், லைனர் பிஸ்டன் எல்லாம் போச்சு என்றார். ஓடிய மணி நேரத்தைக் காட்டுகிற மீட்டரே புதுசு. பழைய மீட்டர் எத்தனை மணி நேரம் காட்டியதோ. எங்கள் பக்கம் வாடகைக்கு ஓடுகிற வண்டி ஒரே வருஷத்தில் ஆயிரம் மணி நேரத்தைத் தொடும், 2014 வண்டிக்கு 2,800 என்பது எந்தக் கணக்கு?

போன் போட்டால் முதலில் "மெக்கானிக்கை அனுப்புறேன் தம்பி". வரவில்லை. அப்புறம் "முதலாளி கோயிலுக்குப் போயிருக்கார்". அப்புறம் "நீங்க ஓட்டத் தெரியாம ஓட்டிட்டீங்க". டிராக்டரிலேயே தலை நரைத்த சித்தப்பாவைப் பார்த்து! நேரில் போனால், சட்டையைப் பிடிக்கச் சொன்ன அதே ஆள், "வண்டி கேட்டைத் தாண்டினா எனக்குப் பொறுப்பு இல்லை" என்கிறார். செயலியின் உதவி எண்ணில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, "சார், வாங்குறவங்களையும் விக்கிறவங்களையும் இணைக்கிறது மட்டும்தான் எங்க வேலை" என்றார். அந்தப் பச்சை டிக் எதைச் சரிபார்த்துப் போட்டது என்று கேட்டேன், லைன் கட்.

இதைவிடப் பெரிய அடி பேப்பரில். ஆர்.சி.யில் ஒரு பைனான்ஸ் பெயர் இருந்தது. கடன் முடிந்துவிட்டது, பெயர் எடுக்கத்தான் பாக்கி என்று சீல் போட்ட தடையில்லாச் சான்றின் ஜெராக்ஸைக் காட்டினார்கள். ஒரிஜினல் ஆர்.டி.ஓ. ஏஜென்டிடம் இருக்கிறது, ஒரு வாரத்தில் உங்கள் பெயருக்கு மாறிவிடும் என்றார்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடுவும் போய்விட்டது. நானே பைனான்ஸ் ஆபீசுக்குப் போய் அந்த ஜெராக்ஸை நீட்டினேன். கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது, இது நாங்கள் கொடுத்த கடிதமே இல்லை என்றார்கள். அதாவது, பழுது பார்த்து ஓட்டினாலும் நாளைக்கு அவர்கள் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். 3,85,000 கொடுத்து இன்னொருத்தன் கடனை வாங்கி வீட்டில் நிறுத்தியிருக்கிறேன்.

போலீசில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாயிற்று. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன், 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஸ்டேஷனில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவசரமாகச் சில விஷயம். சொல்லாமல் விடியற்காலையில் போங்கள், இன்ஜினைத் தொட்டுப் பார்த்து ஜில்லென்று இருந்தால் மட்டும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஆயில் மூடியைத் திறந்து, ப்ரீதரில் கை வைத்துப் புகை அடிக்கிறதா என்று பாருங்கள். ரோட்டவேட்டரைத் தூக்கி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்குகிறதா என்று பாருங்கள். மாட்ட ரோட்டவேட்டர் இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி நம்பரைப் போட்டுக் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் முடிந்தது என்று ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுக்கிற படிவம் 35-ம் ஒரிஜினல் தடையில்லாச் சான்றும் கையில் வாங்கி, அந்தப் பைனான்ஸ் ஆபீசிலேயே கேட்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ரொக்கம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பைபாஸ் ஓரத்து யார்டு ஒன்றில் இதே மாதிரி எலுமிச்சம்பழம் வைத்து வண்டி கொடுக்கப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். சேர்ந்து புகார் கொடுப்போம்.