ப்ளூடூத் பீக்கன்கள்: எந்த வேலைக்கு வாங்கலாம்?

பெரிய கட்டடங்களுக்குள் ஜிபிஎஸ் உதவாது என்பதால், கைபேசி வைத்திருப்பவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று செயலிக்கு உணர்த்தும் வேலையை, ப்ளூடூத் வழியாகத் தன் அடையாள எண்ணை ஒலிபரப்பும் சிறு கருவிகளான பீக்கன்களிடம் ஒப்படைப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு கண்காட்சிக் கூடத்தின் வழிகாட்டிச் செயலிக்காக இத்தகைய பீக்கன்களைப் பொருத்திப் புழங்கிப் பார்த்தபின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பார்வையாளர் எந்த அறைக்குள் வந்திருக்கிறார் என்று அறிவதற்கு இவற்றை நம்பி வாங்கலாம், எந்தக் காட்சிப்பொருளுக்கு எத்தனை மீட்டர் தொலைவில் நிற்கிறார் என்று அறிவதற்காக வாங்கினால் காசு வீண்.

கருவி மிக எளிமையானது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிப்பும் ஒரு பட்டன் பேட்டரியும் இருக்கின்றன. சுவரில் ஒட்டப் பின்புறம் இருபக்க டேப் இருக்கிறது. ஆப்பிள் 2013இல் கொண்டுவந்த ஐபீக்கன் முறைப்படி, ஒவ்வொரு பீக்கனும் நிறுவனத்துக்கோ செயலிக்கோ உரிய 16 பைட் அடையாள எண்ணையும், இடத்தைப் பிரித்துக் காட்டும் இரண்டு பைட் எண்கள் இரண்டையும், ஒரு மீட்டர் தொலைவில் தன் சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கும் என்ற குறிப்பையும் திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பீக்கன் தங்களை வேவு பார்க்கிறது என்று பார்வையாளர்கள் சிலர் அஞ்சுவதுண்டு. ஐபீக்கன் ஒலிபரப்பில் பீக்கன் யாரையும் கேட்பதில்லை, அருகில் எத்தனை கைபேசிகள் இருக்கின்றன என்பதுகூட அதற்குத் தெரியாது. கேட்பதும் குறித்துக்கொள்வதும் கைபேசியில் உள்ள செயலிதான் என்பதால், அச்சப்பட வேண்டியிருந்தால் அந்தச் செயலியை எழுதியவர்களைக் குறித்தே அச்சப்பட வேண்டும்.

தொலைவைக் கணிக்கும் விதத்தில்தான் இதன் பலவீனம் இருக்கிறது. வந்து சேரும் சிக்னலின் வலிமையை, ஒரு மீட்டருக்கு உரியதாகச் சொல்லப்பட்ட வலிமையோடு ஒப்பிட்டு, கைபேசி தொலைவை ஊகிக்கிறது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் சிக்னல் 6 டெசிபெல் குறையும் என்பது இயற்பியல் விதி. ஆனால் கட்டடத்துக்குள் சுவர், தரை, உலோக அலமாரி ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து அந்த விதியைக் குலைத்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மனித உடல் நன்றாகவே உறிஞ்சிக்கொள்கிறது. கைபேசியை மேசைமேல் வைத்து, ஒரு மீட்டர் தள்ளிப் பீக்கனை வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒருவரை நிற்கச் சொல்லிப் பாருங்கள்: எதுவுமே இடம் மாறாதபோதும் திரையில் காட்டும் தொலைவு மட்டும் தாவிக்கொண்டே இருக்கும். வலிமை 10 டெசிபெல் சரிந்தாலே ஒரு மீட்டர் என்பது மூன்று மீட்டருக்கு மேல் போய்விட்டதாகக் கணக்கு வரும். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பீக்கனுக்கு முதுகைக் காட்டி நிற்பவருக்கு நேர்வதும் இதுதான். இதனால்தான் ஆப்பிளின் மென்பொருளே ‘மிக அருகில்’, ‘அருகில்’, ‘தொலைவில்’ என்ற மூன்று வட்டங்களையும் ‘தெரியவில்லை’ என்ற நிலையையும் வைத்துக்கொண்டு, தானே தரும் மீட்டர்க் கணக்கைத் துல்லியமான இடமாகக் கொள்ள வேண்டாம் என்கிறது. விற்பனைக் கையேடுகளில் மட்டும் இந்த அடக்கத்தைக் காண முடிவதில்லை.

இந்த எல்லையை ஏற்றுக்கொண்டால் கருவி நன்றாகவே உழைக்கிறது. தலைக்கு மேலான உயரத்தில் பொருத்தினால், கூட்டம் நெருக்கும்போதும் அறையில் உள்ள கைபேசிகளுக்குச் சிக்னல் ஓரளவு சீராகப் போய்ச் சேருகிறது. ஒலிபரப்பு வலிமையைக் குறைத்து வைத்தால், பக்கத்து அறையின் பீக்கன் வாசல் வழியாகக் கசிந்து குழப்புவதும் பெருமளவு அடங்குகிறது. அறைக்குள் நுழைந்ததைச் செயலி விரைவில் அறிந்துகொள்கிறது. வெளியேறியதை அறியத்தான் அரை நிமிடம் போலத் தாமதமாகிறது. அது பழுதல்ல: நொடிக்கொரு முறை ‘போய்விட்டார், வந்துவிட்டார்’ என்று அறிவிப்புகள் மாறி மாறி வராமலிருக்க இயங்குதளம் வேண்டுமென்றே காத்திருக்கிறது.

பீக்கன் வாங்குவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்க்காத தடை கைபேசியிலேயே இருக்கிறது. ஐபோனில் ஒரு செயலி ஒரே நேரத்தில் 20 பகுதிகளை மட்டுமே கண்காணிக்க முடியும். ஆகவே ஒவ்வொரு பீக்கனையும் தனிப் பகுதியாகப் பதியாமல், கட்டடம் முழுவதையும் ஒரே பகுதியாக வைத்து, உள்ளே வந்தபின் முன்பு சொன்ன இரண்டு பைட் எண்களைக் கொண்டு அறைகளைப் பிரிப்பதே சரியான வழி. ஆண்ட்ராய்டிலோ, திரை அணைந்திருக்கும்போது பின்னணியில் ஸ்கேன் செய்வதை இயங்குதளம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. இவற்றுக்கெல்லாம் முன்பாக, பயனர் செயலியை நிறுவி, ப்ளூடூத்தை இயக்கி, இருப்பிட அனுமதியும் தர வேண்டும். ‘வாசலைக் கடந்ததும் தள்ளுபடி அறிவிப்பு’ என்று ஒரு காலத்தில் முழங்கப்பட்ட கனவு பெரும்பாலும் இந்தப் படிகளிலேயே உதிர்ந்துவிட்டது. செயலியே இல்லாமல் பீக்கன் வழி அறிவிப்பு காட்டும் வசதியை ஆண்ட்ராய்டில் கூகுள் கொடுத்துப் பார்த்தது. பொருத்தமற்ற அறிவிப்புகளும் குப்பைச் செய்திகளும் பெருகியதால் 2018 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டது. அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேட்டரி விஷயத்தில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. நொடிக்குப் பத்து முறை, அதாவது 100 மில்லிநொடிக்கு ஒரு முறை ஒலிபரப்ப வேண்டும் என்பது ஐபீக்கன் வகுத்த வேகம். அந்த வேகத்தில் சிறிய பட்டன் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், பெட்டியின்மேல் பல ஆண்டு ஆயுள் என்று அச்சிடும் நிறுவனங்கள் மிக மெதுவான வேகத்தையும் குறைந்த வலிமையையும் கணக்கில் வைத்தே அப்படி அச்சிடுகின்றன. எனக்கு வந்த பீக்கன்களில் உறையைக் கத்தியால் நெம்பினால்தான் பேட்டரியை மாற்ற முடிகிறது. நெம்பியபின் உறை பழையபடி பொருந்துவதில்லை. தீரப்போகும் பேட்டரியைப் பற்றி முன்கூட்டி எச்சரிக்கும் ஏற்பாடு இருந்தும், யாராவது பீக்கனின் அமைப்புகளை மாற்ற உதவும் அமைப்புச் செயலியைத் திறந்து ஒவ்வொரு பீக்கன் அருகிலும் போய் நின்றால்தான் அது தெரியவருகிறது. ஏணி போட்டு ஏறிப் பேட்டரி மாற்றும் ஆளின் நேரத்தைச் சேர்த்தால், பீக்கனின் விலை ஒரு பொருட்டே அல்ல.

இன்னொன்று: ஒலிபரப்பாகும் எண் வெளிப்படையானது, யார் வேண்டுமானாலும் அதை நகலெடுத்து வேறிடத்திலிருந்து ஒலிபரப்பலாம். விளக்கக் குறிப்பு காட்டுவதற்கு இதனால் கேடில்லை. வருகைப் பதிவுக்கோ கதவு திறப்பதற்கோ இதை நம்பக் கூடாது.

அத்தகைய இடங்களில், கைபேசியை ஒட்டி வைத்தால் மட்டும் படிக்கப்படும் என்எஃப்சி ஸ்டிக்கர்களே மேல். 13.56 மெகாஹெர்ட்ஸில் சில சென்டிமீட்டருக்குள் மட்டுமே இயங்குவதால், பயனர் தானே விரும்பித் தொட்டார் என்பதில் ஐயமில்லை. ஸ்டிக்கருக்குப் பேட்டரியும் வேண்டாம். எளிய ஸ்டிக்கரையும் நகலெடுக்க முடியும் என்பதால், பாதுகாப்பு தேவைப்பட்டால் மறையாக்கம் உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். காட்சிப்பொருள் ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் பீக்கன்களைக் கழற்றிவிட்டு இந்த ஸ்டிக்கர்களை ஒட்டியதும், தவறான பொருளின் விளக்கம் வருகிறது என்ற புகார் நின்றுபோனது.

மீட்டருக்கும் குறைவான துல்லியம் வேண்டுவோர் அல்ட்ரா வைட்பேண்ட் என்ற வேறொரு ரேடியோ அலைத் தொழில்நுட்பத்தை நாட வேண்டும். அது வலிமையைப் பார்த்து ஊகிக்காமல், அலை போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது; ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் செல்லும் என்பதால், மிகக் குறுகிய துடிப்புகளைக் கொண்டு சுமார் பத்து சென்டிமீட்டர் வரை துல்லியம் கிடைக்கிறது. ஐபோன் 11 வழியாக 2019இல் கைபேசிக்குள் வந்த இந்தச் சிப், விலை குறைந்த கைபேசிகளில் இன்னும் அரிது. எல்லோருக்குமான சேவையை அதன்மேல் மட்டும் கட்ட முடியாது. 2024இல் வெளியான ப்ளூடூத் 6.0, அலையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதைக் கொண்டு தொலைவை அளக்கும் முறையைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அதற்குக் கைபேசியும் பீக்கனும் இரண்டுமே புதிய சிப்போடு இருக்க வேண்டும், பழைய பீக்கனில் மென்பொருளை மட்டும் புதுப்பித்தால் போதாது.

இப்போதே வாங்குவதானால், உறையைத் திருகாணியால் திறக்கும் வகையையும், கடைகளில் எளிதில் கிடைக்கும் பேட்டரியையும், ஒலிபரப்பு வேகத்தையும் வலிமையையும் நாமே மாற்றிக்கொள்ள விடும் அமைப்புச் செயலியையும் கேட்டு வாங்குங்கள். மின்சாரப் புள்ளி பக்கத்தில் உள்ள சுவர்களுக்கு யுஎஸ்பியில் செருகும் பீக்கன்களே போதும்.