ஸ்ப்ளிட்டர் வாங்கினால் இரண்டாவது மானிட்டரில் தனிப் படம் வராது

கோவையில் வீட்டு கம்ப்யூட்டருக்கு இரண்டாவது மானிட்டர் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

திருப்பூர் பையிங் ஆபீஸ் ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆடை ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவளாக இருக்கிறேன். பாதி நாள் வேலை வீட்டிலிருந்துதான். பையர் அனுப்பிய டெக் பேக்கும் (ஆடையின் விவரத் தாள்) காஸ்டிங் ஷீட்டும் (விலைக் கணக்கு) பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தால்தான் ஜிஎஸ்எம் (துணியின் எடை), அளவு எதுவும் தப்பாது. அதற்காகக் காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் மானிட்டர் எடுத்தேன். மானிட்டரில் குறையில்லை. கூடவே தலையில் கட்டிய ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர்தான் (ஒரு வீடியோ போர்ட்டிலிருந்து இரண்டு மானிட்டருக்கு இணைப்புக் கொடுக்கும் சின்னப் பெட்டி) வில்லங்கம்.

"ரெண்டுலயும் தனித்தனியா வருமுங்களா?" என்று கேட்டுத்தான் வாங்கினேன். "அதெல்லாம் வருமுங்க அக்கா, எத்தன பேருக்குக் குடுத்திருக்கோம்" என்றார் கடைக்காரர். வீட்டில் மாட்டினால் இரண்டிலும் ஒரே படம்!

போன் செய்தால், "உங்க சிபியூ பழசுங்க, கிராபிக்ஸ் கார்டு போடோணும்" என்றார்கள். ஒரு பையன் வந்தான். சிபியூவின் பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் கார்டுக்கு விலை சொல்லி, விசிட்டிங் சார்ஜும் வாங்கிக்கொண்டு போனான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் பெருந்துறையிலிருந்து வந்த சித்தப்பா மகன் சிபியூவைத் திருப்பிப் பார்த்தான். ஹெச்டிஎம்ஐக்குப் பக்கத்திலேயே டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வீடியோ போர்ட், கறுப்பு பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றாமல் சும்மா கிடந்தது. சில நூறு ரூபாயில் ஒரு கேபிள் வாங்கி மாட்டினான். விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தான். முடிந்தது வேலை.

சாதாரண ஸ்ப்ளிட்டர் வருகிற ஒரே படத்தை இரண்டாகப் பிரதி எடுக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டு மானிட்டர் இருப்பதே தெரியாது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒரே ஒரு மானிட்டர்தான் காட்டும். கேபிளிலும் கவனம் வேண்டும்: டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண கேபிளை எதிர்ப்பக்கமாக (கம்ப்யூட்டரில் ஹெச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்று) மாட்டினால் படம் வராது. லேப்டாப்காரர்களே, எல்லா டைப்-சி போர்ட்டிலும் வீடியோ வராது. சிலது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். உங்கள் மாடலைப் பார்த்துவிட்டு அடாப்டர் வாங்குங்கள். சிபியூ வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் அதன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ளிட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பில்லின் அடியில் அச்சடித்திருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்பதைக் காட்டினார்கள். ஒரு பொருளின் பயனைப் பற்றியோ தேவையைப் பற்றியோ பொய் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஸ்ப்ளிட்டர் முதல் வகை, கிராபிக்ஸ் கார்டு இரண்டாம் வகை. பில்லையும் வாட்ஸப்பில் அவர்கள் அனுப்பிய கார்டு விலையையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை, வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.