200 லிட்டர் சோலார் ஹீட்டர் என்று சொல்லி 200 லிட்டர் டேங்கை மட்டும் விற்றார்கள்

கோவை சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு சோலார் வாட்டர் ஹீட்டர் போடும் யோசனையில் இருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயனில்லை, ஏனென்றால் இதே வேலையைப் பல கடைகள் செய்வதாகக் கேள்விப்படுகிறேன்.

எங்கள் வீடு சூலூர் பக்கம், ஆறு பேர். குடிக்க மட்டும்தான் நல்ல தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். ராத்திரி பக்கெட்டில் பிடித்து வைத்தால் காலையில் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். அப்படிப்பட்ட உப்பு.

பார்க்க வந்த விற்பனையாளர் மொட்டை மாடிக்குப் போனார், போட்டோ எடுத்தார், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். என்ன தண்ணீர் என்று கேட்கவே இல்லை. "200 எல்பிடி போட்டுரலாங்க சார், ஆறு பேருக்குத் தாராளமா வரும்" என்றார். எல்பிடி என்றால் ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு. பையிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை எடுத்து, சட்டைப் பாக்கெட்டில் வைத்திருந்த சின்னக் காந்தத்தை அதில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பாத்தீங்களா, ஒரிஜினல் 304."

இந்தக் காந்த வித்தை பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 304 என்ற நல்ல ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது என்பது சரிதான். ஆனால் 202 என்ற மலிவு ரகமும் ஒட்டாது. விலையுள்ள நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்வது அது. துருவைத் தாங்கும் சக்தி குறைவு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தகட்டில் சொட்டு விட்டுப் பார்க்கும் ஒரு மருந்து இருக்கிறது, ஸ்டீல் ஸ்கிராப் வாங்குபவர்கள் எப்போதும் கையில் வைத்திருப்பார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் அது சாதா இரும்பு இல்லை, அவ்வளவுதான் தெரியும்.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொட்டேஷனில் "200 எல்பிடி, எஸ்.எஸ். 304, 10 வருட வாரண்டி" என்று அழகாக அச்சடித்திருந்தது. பணம் முழுவதும் வாங்கிய பிறகு வந்த பில்லில் "சோலார் சிஸ்டம் - 1 செட்" என்று ஒரே வரி. கேட்டால், "கொட்டேஷன்லதான் எல்லாம் இருக்குங்களே சார்."

மாட்டிய முதல் மாதம் ஏப்ரல். அந்த வெயிலில் மாடியில் கிடக்கும் பைப்பைத் திறந்தாலே சுடுதண்ணீர்தான் வரும், அதனால் ஒன்றும் தெரியவில்லை. மார்கழி வந்ததும் சாயம் வெளுத்தது. முதலில் குளிப்பவருக்கு வெதுவெதுப்பு, மூன்றாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர். மேகமூட்டம் என்றார்கள். பொங்கல் சமயத்தில் பளிச்சென்று வெயில் அடித்தபோதும் அதே கதைதான். அதற்கு அவர்கள் சொன்ன தீர்வு, "உள்ள காயில் இருக்குதுங்களே, காலையில ஸ்விட்ச் போட்டுக்கோங்க." 200 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கரண்டில் ஓடும் அந்தக் காயிலால் ஏற்றினால் எட்டு யூனிட் கரண்ட் போய்விடும். அதற்கு எதற்கு சோலார்? பாத்ரூமில் ஒரு சின்ன கீசர் போதுமே.

திருப்பூரில் பிளம்பிங் வேலை செய்யும் என் மச்சினன் ஊருக்கு வந்தபோதுதான் குட்டு உடைந்தது. மாடிக்குப் போனவன் டேங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடி டியூப்களை எண்ணினான், டேப் வைத்து அளந்தான். 15 டியூப், 47 மில்லிமீட்டர் குறுக்களவு, ஒன்றரை மீட்டர் நீளம். "மாமா, இது 100 லிட்டர் செட்டு. டேங்கை மட்டும் பெருசா மாட்டிட்டாங்க." 58 மில்லிமீட்டர், 1.8 மீட்டர் டியூப் என்றால் 100 லிட்டருக்குச் சுமார் பத்து வேண்டும். 47 மில்லிமீட்டர், ஒன்றரை மீட்டர் என்றால் 14, 15. 200 லிட்டருக்கு இதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும், எங்களுக்கு இருந்தது அதில் பாதி.

அப்புறம் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 டியூப் சேர்ந்து வெயில் வாங்கும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். நம் ஊரில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு விழும் வெயில் சுமார் 5 யூனிட் கரண்டுக்குச் சமம். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், 200 லிட்டருக்கு 12 டிகிரிதான் ஏறும். 24 டிகிரியில் உள்ளே போகும் தண்ணீர் 36-இல் நிற்கும், விடிவதற்குள் அதிலும் கொஞ்சம் இறங்கும். செட் பழுதாகவே இல்லை. தன்னால் முடிந்ததை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது!

இதோடு போயிருந்தால் டியூபை மட்டும் கூட்டிச் சமாளித்திருப்போம். அடுத்த வருடம் டேங்கின் வெளித்தகடு சேரும் இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. உள்ளே வெல்டிங் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள், சூடு வெளியே போகாமல் சுற்றிலும் நிரப்பியிருக்கும் பஃப் எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது. சர்வீஸுக்கு அதே ஆள்தான் வந்தார். இந்த முறை சட்டைப் பாக்கெட்டில் காந்தம் இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருந்தது. குழாயில் பிடித்து அளந்தார், 1,400 சொச்சம் காட்டியது. வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: 500-க்கு மேல் போனால் வாரண்டி செல்லாது. விற்கும்போது அந்த மீட்டர் எங்கே போயிருந்தது? போர் தண்ணீரையே நம்பியிருக்கும் பகுதியில் வீடு வீடாக விற்பவருக்கு இந்த வாரண்டி ஒருநாளும் செல்லாது என்பது தெரியாதா?

மச்சினன் இன்னொன்றையும் காட்டினான். டேங்கிலிருந்து மேலே போகும் ஏர் வென்ட் குழாய், சின்டெக்ஸின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். அதில் தண்ணீர் வழிந்திருக்கிறது. மேலே ஒரு முழம் குழாய் சேர்ப்பதற்குப் பதில் எண்ட் கேப் என்ற மூடியைப் போட்டு ஒட்டிவிட்டார்கள். அழுத்தம் தாங்காத டேங்கில் ஆவியும் காற்றும் போகும் வழியை அடைப்பது வெல்டிங்கைத் தட்டி உடைக்கிற வேலை. சுடுதண்ணீர் லைனுக்கும் சூடு தாங்கும் சிபிவிசி குழாய் போடாமல் சாதா பிவிசிதான். வெயில் நாளில் வாழைத்தண்டு மாதிரி வளைந்து தொங்கியது. டேங்கின் தகட்டில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில், 202.

"மானியம் அக்கவுண்ட்ல வந்துடும்" என்றும் சொல்லியிருந்தார்கள். வராது. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதிகபட்சம் 78,000 ரூபாய் என்று விளம்பரத்தில் பார்ப்பது கரண்ட் எடுக்கும் பேனலுக்கு. சுடுதண்ணீர் செட்டுக்கு அது கிடையாது.

உப்புத் தண்ணீர் என்பதற்காக சோலாரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்; கடினத்தன்மை, குளோரைடு இரண்டும் முக்கியம். டியூபுக்குப் பதில் தட்டையான தகடு வைத்த மாடலில் தாமிரக் குழாய்க்குள்ளேயே உப்பு அடைந்துவிடும், அதனால் உப்புத் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் போகாமல் சூட்டை மட்டும் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்ததைத்தான் போட வேண்டும். கண்ணாடி டியூப் மாடலில் டியூபைக் கழற்றிக் கழுவ முடியும். குளோரைடு அதிகம் என்றால் 304-கூட நிற்காது. உள்ளே எனாமல் பூசி, டேங்குக்குப் பதில் தான் கரையும் மெக்னீசியம் ராடு வைத்த டேங்க் வாங்கி, ராடு கரையக் கரைய மாற்ற வேண்டும். எந்த மாடலாக இருந்தாலும் டியூப் எண்ணிக்கை, குறுக்களவு, நீளம், டேங்க் ரகம், உங்கள் தண்ணீரின் டிடிஎஸ் இத்தனைக்கு வாரண்டி உண்டு என்ற வரி, இவ்வளவும் பில்லிலேயே இருக்கட்டும். கொட்டேஷன் போதும் என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தும் கடைக்காரர் அசையவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மனு போன பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது: "பழைய செட்டைக் குடுத்துருங்க சார், 12,000 மட்டும் கட்டுங்க, எக்ஸ்சேஞ்சுல புதுசு மாட்டித் தர்றோம்." கொடுக்கவில்லை. டேங்க், டியூப், மூடி ஒட்டிய வென்ட் குழாய் எல்லாம் மாடியிலேயே இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஒரு போன் வந்தால், புகார் முடியும்வரை பழைய செட்டில் ஒரு துண்டைக்கூட அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். ஆணையத்தில் காட்ட அதைத் தவிர வேறு சாட்சி இருக்காது.